ஹைட்ராய்டுகளின் பெயர்கள் ஏன் மாறுகின்றன? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஹைட்ராய்டுகளைப் பற்றி வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை அந்த உயிரிகளின் வாழ்க்கையைவிட அவற்றின் பெயர்களைப் பற்றியே கேட்கின்றன. சொறிமீனுக்கும் பவளத்துக்கும் உறவான இச்சிறு விலங்குகள் பாறையிலும் சிப்பியிலும் கப்பலின் அடிப்பகுதியிலும் செடியைப் போலக் கிளைவிட்டு வளர்கின்றன. நூலுக்கு நூல் அவற்றுக்கு வேறு வேறு பெயர் இருந்தால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாடநூலில் ஒபீலியா ஜெனிக்குலேட்டா என்று படித்த விலங்கை, நூலகத்தில் உள்ள ஒரு பழைய நூல் லாவோமீடியா ஜெனிக்குலேட்டா என்கிறது, அதைவிடப் பழைய இன்னொன்று செர்டுலேரியா ஜெனிக்குலேட்டா என்கிறது. எது சரி? ஒரே விலங்குக்கு மூன்று பெயர் எப்படி வந்தது?
– விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: மூன்றும் ஒரே விலங்கைக் குறிப்பவைதாம். இன்று செல்லத்தக்க பெயர் ஒபீலியா ஜெனிக்குலேட்டா. மற்ற இரண்டும் தவறாகச் சூட்டப்பட்டவை அல்ல. அந்தந்தக் காலத்து அறிவின்படி சரியாகவே சூட்டப்பட்டவை.

கடலில் செடிபோல் கிளைத்து நிற்பவற்றை உருவாக்குபவை விலங்குகளே என்பதை, லண்டனில் வணிகராக இருந்த ஜான் எல்லிஸ் 1755-இல் வெளியிட்ட நூலில் நுண்ணோக்கிப் படங்களோடு எடுத்துக்காட்டினார். 1758-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் ‘சிஸ்டமா நேச்சுரே’ என்ற தம் நூலின் பத்தாம் பதிப்பில் இத்தகைய கிளைத்த உயிரிகள் பலவற்றைச் செர்டுலேரியா என்ற ஒரே பேரினத்துக்குள், அதாவது பெயரின் முதற்சொல் குறிக்கும் குழுவுக்குள், அடக்கினார். இரண்டாம் சொல்லாகிய ஜெனிக்குலேட்டா என்ற சிற்றினப் பெயரும் அப்போது பிறந்தது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு அந்த ஆண்டையே தொடக்கமாகக் கொள்கிறோம். பின்னர் அந்தப் பெரும் பேரினத்தைப் பிரிக்க வேண்டிய தேவை எழுந்தபோது, பிரான்சின் லாமுரூ 1812-இல் லாவோமீடியா என்ற பேரினத்தை உருவாக்கினார். காம்பின் நுனியில் கிண்ணம் தாங்கிய நம் விலங்கும் நாளடைவில் அதற்குள் வைக்கப்பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1810-இல், மெடுசாக்களை, அதாவது சொறிமீன் போல நீந்தும் உயிரிகளை, ஆராய்ந்துவந்த பெரோன், லெசுவர் என்னும் இரு பிரெஞ்சு இயற்கையியலாளர்கள், நீரில் தனித்து நீந்தும் ஒரு சின்னஞ்சிறு மெடுசாவுக்கு ஒபீலியா என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பாறையில் ஒட்டிய செடிபோன்ற விலங்குக்கும் நீரில் நீந்தும் இந்த வட்டத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. நார்வேயின் மிக்கேல் சார்ஸ் முதலியோரின் அவதானிப்புகள் சேர்ந்த பிறகே, டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் 1842-இல் தலைமுறை மாற்றம் என்ற கருத்தை முழுமையாக முன்வைத்தார். பாறையில் ஒட்டி வளரும் நிலையாகிய பாலிப்களின் கூட்டம் மொட்டுவிட்டு மெடுசாவை வெளிவிடுகிறது. மெடுசாக்களின் முட்டையிலிருந்து மீண்டும் பாலிப் கூட்டம் வருகிறது. அப்படியானால் இரு வேறு விலங்குகள் என்று எண்ணிப் பெயரிட்டவை ஒரே விலங்கின் இரு நிலைகள் ஆகிவிடுகின்றன. ஒரு விலங்கின் எந்த வாழ்நிலையைப் பார்த்துப் பெயரிட்டிருந்தாலும் அப்பெயர் கணக்கில் வரும், அவற்றுள் மிகப் பழையதே நிற்கும் என்பது விலங்குப் பெயரிடலின் பன்னாட்டு விதி. பேரினப் பெயர்களில் 1810 முந்தியது. சிற்றினப் பெயர் 1758-இலிருந்து வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் ஒபீலியா ஜெனிக்குலேட்டா (லின்னேயஸ், 1758) ஆயிற்று. லின்னேயஸின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதன் பொருள், அவர் இந்தச் சிற்றினத்தை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதே. தேர்வுத் தாளில் பலர் அந்த அடைப்புக்குறியை அலங்காரமாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் அந்த விலங்கின் வரலாற்றில் பாதி போய்விடும்.

லாவோமீடியா என்ற பேரினமும் மறைந்துவிடவில்லை. மெடுசாவை வெளியே விடாமல் தன் கூட்டிலேயே இனப்பெருக்கம் முடித்துக்கொள்ளும் லாவோமீடியா ப்ளெக்சுவோசா போன்றவை இன்றும் அதில் இருக்கின்றன.

உங்கள் ஆய்வகத்தில் ஒபீலியா கூட்டத்தின் கண்ணாடித் தகடு இருந்தால் உருப்பெருக்கிப் பாருங்கள். ஜெனிக்குலேட்டாவின் தண்டு ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் வளைந்து, வளைவுக்கு வளைவு பக்கம் மாறிச் செல்லும். அந்த வளைவில் மேலுறை ஒரு பக்கம் மட்டும் தெளிவாகத் தடித்திருக்கும். முழங்கால் போல மடங்கிய இந்த அமைப்பைத்தான் சிற்றினப் பெயரும் சொல்கிறது. தடிப்பு இல்லையென்றால் உங்கள் தகட்டில் இருப்பது ஒபீலியா டைக்கோட்டோமா போன்ற வேறு சிற்றினமாக இருக்கலாம். மெடுசாத் தகட்டின் சீட்டில் சிற்றினப் பெயர் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். ஒபீலியா மெடுசாக்களைத் தோற்றத்தை மட்டும் வைத்துச் சிற்றினம் பிரிக்க இயலாது.

கேள்வி: எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் லைட்டோகார்ப்பஸ் பிலிப்பைனஸ் என்று சீட்டு ஒட்டிய பழைய குப்பி ஒன்று உண்டு. இன்றைய கையேடுகளில் அதே படத்துக்குக் கீழே மேக்ரோரிங்கியா பிலிப்பைனா என்று இருக்கிறது. பேரினம் மாறியதைப் புரிந்துகொள்கிறேன். சிற்றினப் பெயரின் முடிவுமா மாறும்? பழைய சீட்டை எடுத்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், தூத்துக்குடி

பதில்: எடுத்துவிட வேண்டாம். மற்றவற்றைப் பார்ப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறோம்.

வெள்ளை இறகு போல விரிந்து, தொட்டால் கடுமையாக எரியச் செய்யும் இந்த ஹைட்ராய்டுக்கு 1872-இல் பெயரிட்டவர் கிர்ஷென்பவர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மேயராக இருந்துகொண்டே ஹைட்ராய்டுகளை ஆழ்ந்து கற்ற மனிதர் அவர். மேக்ரோரிங்கியா என்ற பேரினப் பெயரும் அவர் அதே ஆண்டில் தந்ததே. ஆல்மன் 1883-இல் லைட்டோகார்ப்பஸ் என்ற பேரினத்தை அமைத்தார். நெடுங்காலம் நூல்கள் அதையே பின்பற்றின. இரண்டும் ஒரே பேரினம் என்று கொள்ளும்போது முந்தியதாகிய மேக்ரோரிங்கியாவுக்கே உரிமை. சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் லத்தீன் இலக்கணப்படி பேரினப் பெயரின் பாலோடு அது ஒத்துப்போக வேண்டும். லைட்டோகார்ப்பஸ் ஆண்பால், மேக்ரோரிங்கியா பெண்பால். ஆகவே பிலிப்பைனஸ் பிலிப்பைனா ஆயிற்று. இதனால் பெயரை உருவாக்கியவரும் மாறுவதில்லை, ஆண்டும் மாறுவதில்லை.

சீட்டுக்கு வருவோம். பெயர் மாறும், குப்பிக்குள் இருக்கும் உயிரி மாறாது. நிலத் தகராறு எத்தனை கைமாறி வந்தாலும் இறுதியில் மூலப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதுபோல, ஒரு பெயர் எந்த விலங்குக்கு உரியது என்ற ஐயம் எழும்போது, அப்பெயரைச் சூட்டியவர் கையில் இருந்த வகை மாதிரியையே எடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் குப்பி வகை மாதிரியாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் எந்தக் கடலில், எந்த நாளில், எவர் எடுத்தது என்ற செய்தி அந்தப் பழைய சீட்டில் மட்டுமே இருக்கக்கூடும். அதை அப்படியே விட்டு, புதிய பெயரையும் அடையாளம் கண்டவரின் பெயரையும் ஆண்டையும் எழுதிய இன்னொரு சீட்டைச் சேர்த்து வையுங்கள். பெயர் திருத்தும் ஆர்வத்தில் பழைய சீட்டுகளை நீக்கிவிட்ட தொகுப்புகள் ஆய்வுக்குப் பயன்படாத வெறும் காட்சிப் பொருள்களாகிவிடுகின்றன.

கேள்வி: அந்துப்பூச்சிக்கும் ஹைட்ராய்டுக்கும் ஒரே பேரினப் பெயர் இருக்கலாமா?
– பள்ளி ஆசிரியர், திருச்சி

பதில்: இருக்க முடியாது. விலங்குலகம் முழுவதற்கும் ஒரு பேரினப் பெயர் ஒரு முறைதான். லாமுரூ 1816-இல் இடியா பிரிஸ்டிஸ் என்று ஒரு ஹைட்ராய்டுக்குப் பெயரிட்டார். ஆனால் இடியா என்பது 1813-இலேயே ஹூப்னர் ஓர் அந்துப்பூச்சிப் பேரினத்துக்கு வைத்துவிட்ட பெயர். 1919-இல் ஸ்டெக்கோவ் மாற்றாகத் தந்த இடியெல்லா என்பதும் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. 1942-இல் காட்டன், காட்ஃப்ரே இருவரும் தந்த இடியெல்லானா நிலைத்தது. இந்தியப் பெருங்கடலிலும் கிடைக்கும் இந்த உயிரியை இன்று இடியெல்லானா பிரிஸ்டிஸ் (லாமுரூ, 1816) என்று தேட வேண்டும். பழைய நூல்களில் இடியா என்றே இருக்கும்.

இதே காரணத்தால் பெயர் பறிபோய்த் திரும்பி வந்ததும் உண்டு. வெப்பக் கடல் துறைமுகங்களில் மிகச் சாதாரணமாக வளரும் பென்னாரியா டிஸ்டிக்காவுக்கு 1820-இல் பெயரிட்டவர் கோல்ட்ஃபஸ். 1815-இல் ஓக்கன் தம் நூலில் பென்னாரியா என்ற பெயரை வேறொன்றுக்குப் பயன்படுத்தியிருந்தார் என்று சிலர் காட்டியதால், பலர் ஹாலோகார்டைல் என்ற பெயருக்கு மாறினார்கள். ஓக்கனின் அந்த நூல் இருசொற் பெயரிடு முறையைச் சீராகப் பின்பற்றவில்லை என்பதால் விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் 1956-இல் அதை ஏற்கத்தகாதது என்று அறிவித்துவிட்டது. ஓக்கனின் பெயர் சட்டத்தின் கண்ணில் இல்லாததாகிவிட்டது. பென்னாரியா மீண்டும் உரிமை பெற்றது. ஆனால் பல ஆண்டு ஆய்வுக் கட்டுரைகள் ஹாலோகார்டைல் என்ற பெயரில்தான் இருக்கின்றன. கப்பல்களில் படியும் உயிரிகளை ஆராய்பவர்கள் இரண்டு பெயர்களிலும் தேடாவிட்டால் பாதியை இழப்பார்கள்.

கேள்வி: சென்னைக் கடற்கரையில் நீலப் பொத்தான் போன்ற உயிரிகள் கரை ஒதுங்கியிருந்தன. ஒரு நூல் அதைச் சைபனோபோரா என்கிறது, மற்றொன்று ஹைட்ராய்டு என்கிறது. எப்படி இவ்வளவு வேறுபாடு?
– வாசகி, பெசன்ட் நகர்

பதில்: நீங்கள் பார்த்தது போர்ப்பிட்டா போர்ப்பிட்டா. லின்னேயஸ் 1758-இல் இதை மெடுசா போர்ப்பிட்டா என்று அழைத்தார். அடுத்த முறை கிடைத்தால் கையால் தொடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் கடல்நீரோடு எடுத்து வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிறிய வட்டத் தகடு. அதனுள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகக் காற்றறைகள் வளையம் வளையமாக இருக்கும். அடியில் நடுவே வாயாகச் செயல்படும் பெரிய பாலிப், அதைச் சுற்றி இனப்பெருக்கத்துக்கான சிறு பாலிப்கள், விளிம்பில் நீல நிற உணர்நீட்சிகள். அவ்வுணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் சிறு சிறு குமிழ்களாகத் திரண்டிருக்கும்.

மிதக்கும் கூட்டுயிரி, வேலைக்கு ஏற்பப் பிரிந்த உறுப்பினர்கள் என்பதைப் பார்த்து, பழைய ஆசிரியர்கள் இதையும் பாய்மரம் போன்ற வெலெல்லாவையும் போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் எனப்படும் ஃபைசேலியாவோடு, நீரில் மிதந்து வாழும் கூட்டுயிரிகளின் வரிசையாகிய சைபனோபோராவில் வைத்தார்கள். மிதப்பது என்ற ஒற்றுமை வாழும் இடத்தால் வந்தது. குமிழ் நுனி உணர்நீட்சிகளும், இவை வெளிவிடும் சிறு மெடுசாக்களின் அமைப்பும் கடலடியில் வளரும் ஒரு வகை ஹைட்ராய்டுகளோடுதான் பொருந்துகின்றன. மரபணு ஒப்பீடும் இதையே உறுதி செய்கிறது. வெலெல்லாவின் மெடுசாவைத் தனி விலங்கென்று எண்ணி கிரைசோமிட்ரா என்று பெயரிட்டிருந்ததும் உண்டு. ஆகவே இவை இன்று ஆந்தோஅத்திகேட்டா வரிசையில் போர்ப்பிட்டிடே குடும்பத்தில் இருக்கின்றன.

இந்த வரிசைப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பாலிப்களை ஆராய்ந்தவர்கள் கிண்ண உறை இல்லாதவை, உள்ளவை என்று அத்திகேட்டா, திகேட்டா என இரண்டாகப் பிரித்தார்கள். மெடுசாக்களை ஆராய்ந்தவர்கள் அதே விலங்குகளை ஆந்தோமெடுசே, லெப்டோமெடுசே என்று பிரித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரண்டு கணக்கும் தனித்தனியே நடந்தன. இரண்டையும் இணைத்து ஆந்தோஅத்திகேட்டா, லெப்டோதிகேட்டா என்ற பெயர்களை 1992-இல் கொர்னீலியஸ் தந்தார். சைபனோபோராவிலேயே நிற்கும் ஃபைசேலியாவும் அமைதியாக இல்லை: உலகம் முழுவதும் ஒரே சிற்றினம் என்று கருதப்பட்டதை, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2025-இல் நான்காகப் பிரித்திருக்கிறார்கள்.

கேள்வி: ‘சாவில்லாத சொறிமீன்’ என்று செய்தித்தாள்கள் எழுதும் விலங்கின் பெயர் டர்ரிடாப்சிஸ் நியூட்ரிக்யூலாவா, டோர்னியையா?
– மருந்தாளுநர், கோயம்புத்தூர்

பதில்: டர்ரிடாப்சிஸ் டோர்னியை. பட்டினியாலோ காயத்தாலோ நலிந்த மெடுசா சுருங்கிக் கட்டியாகி, அடியில் ஒட்டி, மீண்டும் பாலிப் கூட்டமாக வளர்வதை 1990-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் மத்தியதரைக் கடல் உயிரிகளில் கண்டார்கள். 1996-இல் வெளியான அவர்களுடைய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே நியூட்ரிக்யூலா என்ற பெயர்தான் இருந்தது. குழப்பத்துக்கு அதுவே வேர். நியூட்ரிக்யூலா என்பது மெக்கிரேடி 1857-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுக உயிரிக்குத் தந்த பெயர். நேப்பிள்ஸ் பகுதியின் உயிரிக்கு வைஸ்மன் 1883-இல், அங்குள்ள ஆய்வு நிலையத்தை நிறுவிய டோர்னின் நினைவாக வேறு பெயர் தந்திருந்தார். பின்னாளில் எல்லாக் கடல்களின் டர்ரிடாப்சிஸும் ஒன்றே என்று ஒரே பெயருக்குள் போட்டார்கள். 2004-இல் ஷூகெர்ட் செய்த மீளாய்வு டோர்னியையைத் தனிச் சிற்றினமாக மீட்டது. 2007-இல் வந்த மரபணு ஆய்வும் அதற்குத் துணை நின்றது. பழைய கட்டுரையின் முடிவுகள் அனைத்தும் செல்லும். அவை டோர்னியைக்கு உரியவை என்று படித்துக்கொள்ள வேண்டும். அந்தத் திறன் சார்ல்ஸ்டன் உயிரிக்கும் இருப்பதாக எழுதுவதுதான் பிழை.

கேள்வி: ஒரு பேரினத்தை ஒழிக்கிறார்கள், சில ஆண்டுகள் கழித்து மீட்கிறார்கள். இது உறுதியில்லாத அறிவியல் ஆகாதா? நாளை யாரேனும் ஒரு பழம்புத்தகத்தைத் தோண்டி எடுத்தால் ஒபீலியாவும் போய்விடுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெயரிடலும் வகைப்படுத்தலும் இரண்டு வேலைகள். பெயரிடல் விதிப்படி நடக்கும். எது எதற்கு உறவு என்பது ஆய்வின் முடிவு. சான்று மாறினால் அது மாற வேண்டும், மாறாவிட்டால்தான் குற்றம். நண்டுகள் குடியிருக்கும் சங்குகளின் மேல் படரும் ஹைட்ராக்டினியாவையும் போடோகொரைனாவையும் பாருங்கள். மெடுசாவை வெளிவிடுவது போடோகொரைனா, விடாதது ஹைட்ராக்டினியா என்பதே பழைய பிரிப்பு. 1993-இல் கன்னிங்ஹாமும் பஸ்ஸும் செய்த மரபணு ஆய்வு, மெடுசாவை இழப்பது இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது என்று காட்டியது. அப்படியானால் மெடுசா இல்லை என்ற ஒன்றை வைத்து உறவு சொல்ல முடியாது. சிலர் இரண்டையும் ஹைட்ராக்டினியாவில் சேர்த்தார்கள். 2009-இல் கூடுதல் சிற்றினங்களை ஒப்பிட்ட ஆய்வு போடோகொரைனாவைத் திருத்திய எல்லையோடு மீட்டது. ஒபீலியாவின் குடும்பத்திலும் மெடுசா பலமுறை இழக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆய்வுகளின் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட அதிகச் சான்றோடு எடுத்து வைக்கப்பட்டது. இதை உறுதியின்மை என்று நாம் கருதவில்லை.

பழம்புத்தகத்தைப் பற்றிய அச்சத்துக்கு விதியிலேயே காப்பு இருக்கிறது. மறக்கப்பட்ட பழம்பெயர் 1899-க்குப் பின் எவராலும் செல்லத்தக்க பெயராகப் பயன்படுத்தப்படாமல் இருந்து, வழக்கில் உள்ள இளைய பெயர் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்களால் 25 படைப்புகளில், 10 ஆண்டுக்குக் குறையாத காலப் பரப்பில் பயன்படுத்தப்பட்டிருந்தால், இளைய பெயரையே காக்கலாம். ஒபீலியாவைப் போல உலகெங்கும் பாடநூலில் உள்ள பெயர் ஒரு தூசி படிந்த பக்கத்தால் விழுந்துவிடாது.

கேள்வி: மன்னார் வளைகுடாவின் ஹைட்ராய்டுகளைப் பட்டியலிட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? மாதிரிகளை எப்படி வைத்துக்கொள்வது?
– ஆய்வு மாணவர், இராமநாதபுரம்

பதில்: முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902-இல் இலங்கைக்கு வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் சேகரித்த ஹைட்ராய்டுகளை விவரித்து லாரா ரோஸ்கோ தோர்ன்லி 1904-இல் எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் உயிரிகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட தொகுப்பில் கிரேவ்லி எழுதிய பகுதி. பின்னர் தென்னிந்திய ஹைட்ராய்டுகளைப் பற்றி மாம்மன் 1963, 1965-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று கட்டுரைகள். இவற்றில் உள்ள பெயர்களை அப்படியே நகலெடுத்து எண்ணினால் ஒரே விலங்கு இரண்டு மூன்று முறை எண்ணப்பட்டுவிடும். இடியாவும் லைட்டோகார்ப்பஸும் எப்படி மாறின என்று மேலே பார்த்தோம். ஒவ்வொரு பெயருக்கும் அன்றைய வடிவம், இன்றைய வடிவம், எந்தப் படத்தை அல்லது மாதிரியைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஹைட்ராய்டுகள் அடங்கிய ஹைட்ரோசோவா என்ற வகுப்புக்கான உலக ஹைட்ரோசோவாத் தரவுத்தளம் இன்றைய வடிவத்தைச் சொல்லும். அன்றைய ஆசிரியர் உண்மையில் எந்த விலங்கைப் பார்த்தார் என்பதை அது உங்களுக்காகச் சரிபார்த்துத் தராது.

கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் சேகரிக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். நெருப்புப் பவளம் எனப்படும் மில்லிப்போராவும் ஹைட்ரோசோவாதான். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதி பெற்று எடுக்கும்போது இனப்பெருக்க உறைகள் உள்ள கிளையாகப் பார்த்து, ஒட்டியிருக்கும் சிப்பி அல்லது பாசியின் ஒரு துண்டோடு எடுங்கள். உறை இல்லாத கிளையைக் கொண்டு பல சிற்றினங்களை முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு கூட்டத்தையும் இரண்டாகப் பகுத்து, உருவ ஆய்வுக்கு ஒரு பகுதியை ஃபார்மலினிலும், மற்றதை மரபணு ஆய்வுக்காக அடர்த்தியான எத்தனாலிலும் வையுங்கள். ஃபார்மலினில் கிடந்ததிலிருந்து நல்ல டிஎன்ஏ பெறுவது மிகக் கடினம். இரண்டு குப்பிகளுக்கும் ஒரே எண் கொடுத்து, இடம், நாள், ஆழம், ஒட்டியிருந்த பொருள் ஆகியவற்றைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதிக் குப்பியின் உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டும் சீட்டு கழன்றுவிடும், மை எத்தனாலில் கரைந்துவிடும்.